ஃபிசின் பேனல் முழுக்க நெகட்டிவ்: "ஒன்றுமில்லை" என்று எழுதி மூடலாமா?

இரவுப்பணி | 3 ஜூன், இரவு 11:52
ரத்த வங்கியில் ஒரு நோயாளியின் பிளாஸ்மாவுக்கு ஆன்டிபாடி ஸ்கிரீனிங். இரண்டாவது செல் 2+ (ஒட்டலின் பலம்). உடனே 11 செல் பேனல் (ஆன்டிஜென்கள் முன்பே தெரிந்த சிவப்பணுக்கள்), டியூப் முறை. ஏஎச்ஜி (செல்லில் ஒட்டிய ஆன்டிபாடியைக் காட்டும் ஆன்டி-ஹியூமன் குளோபுலின்) கட்டத்தில் 2, 4, 7, 9 நாலும் 2+. 5 மட்டும் தயங்கித் தயங்கி 1+. மற்றதெல்லாம் சுத்தம், நோயாளியின் சொந்தச் செல்லோடு பார்த்த ஆட்டோ கன்ட்ரோலும் நெகட்டிவ். அதே செல்களை ஃபிசின் என்ற புரதம் வெட்டும் என்சைம் போட்டு மறுபடி ஓட்டினால் பதினொன்றும் நெகட்டிவ். என்சைம் போட்டால் ரியாக்‌ஷன் ஏறும் என்றுதானே படித்தோம்? முதலில் வந்தது வெறும் ஒட்டல் என்று எடுத்துக்கொண்டு "குறிப்பிட்ட ஆன்டிபாடி இல்லை" என்று எழுதி மூடலாமா?

உப்புநீர் | 4 ஜூன், நள்ளிரவு 12:20
மூடாதீங்க. காணாமல் போனதே உங்களுக்கான விடை. கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும் என்பார்களே, பேனல் செல்லும் அப்படித்தான். ரத்தவகை ஆன்டிஜென்களில் ஆர்எச், கிட், லூயிஸ், பி1, ஐ எல்லாம் ஃபிசினுக்கும் அதே வகை என்சைமான பாப்பைனுக்கும் வாயைத் திறக்கும். எம், என், பெரிய எஸ், டஃபி-ஏ, டஃபி-பி மூடிக்கொள்ளும். எக்ஸ்ஜி-ஏ, சிடோ, ராட்ஜர்ஸ், ஜேஎம்எச் இதே இரண்டாவது கூட்டம். சிறிய எஸ்ஸும்.

2, 4, 7, 9, 5 இந்த ஐந்தின் ஆன்டிஜென் தாளைப் போடுங்க. 5-இல் டஃபி இரட்டையா (ஏ அல்லது பி மட்டும், இரட்டை டோஸ்), ஒற்றையா (ஏ, பி இரண்டும், தலா ஒற்றை டோஸ்) என்று முதலில் பாருங்க.

பழையபேனல் | 4 ஜூன், காலை 6:41
சிறிய எஸ்ஸை அந்தப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது, உப்புநீர். ஃபிசினுக்கு அது சில சமயம் பாதி தப்பும். "அழியலாம்" என்று எழுதுங்க.

உப்புநீர் | 4 ஜூன், காலை 6:58
சரி, திருத்தம் ஏற்கப்பட்டது. நள்ளிரவுப் பதிவு.

இரவுப்பணி | 4 ஜூன், மாலை 7:15
தாள்:
2, 4, 7, 9: டஃபி ஏ+பி−.
5: டஃபி ஏ+பி+.
மீதி ஆறும் டஃபி ஏ−.
செல் 1 பெரிய எஸ் இரட்டை, சாதா முறையில் நெகட்டிவ். செல் 3 எம் இரட்டை, அதுவும் நெகட்டிவ். பேனலில் கே (கெல் வகை ஆன்டிஜென்) பாசிட்டிவாக உள்ளது 7 மட்டும்தான், அது டஃபி-ஏ+ ஆகவும் இருந்து தொலைக்கிறது.

மூன்றுமுறைகழுவு | 4 ஜூன், இரவு 8:03
அப்போ ஆன்டி-டஃபி-ஏ. இரட்டை செல்லில் 2+, ஒற்றையில் 1+: டோஸ் வித்தியாசம் பாடப்புத்தகம் போல இருக்கு. பெரிய எஸ்ஸும் எம்மும் 1, 3 இரண்டாலும் கழிந்துவிட்டன (ஆன்டிஜென் இருந்தும் செல் ஒட்டவில்லை, ஆக அந்த ஆன்டிபாடி இல்லை). நோயாளிக்கு மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றவில்லை என்றால் அவர் செல்லை டஃபி-ஏ பார்த்துவிடுங்க. நெகட்டிவ் வரணும். பாசிட்டிவ் வந்தால் இத்தனை நேரம் பேசினதெல்லாம் வீண்.

தாள் கைவசம் இல்லாமல் எம்மா டஃபியா என்று குழம்பும் கேஸுக்கு ஒரு வழி இருக்கு. ட்ரிப்ஸின் போட்ட செல்லில் எம் போய்விடும், டஃபி-ஏ-வும் பெரிய எஸ்ஸும் நிற்கும். கைமோட்ரிப்ஸினில் நேர்மாறாக டஃபி-ஏ, பெரிய எஸ், சிறிய எஸ் போகும், எம் நிற்கும். இந்த இரண்டும் அலமாரியில் இருந்தால் ஃபிசினால் சொல்ல முடியாததைச் சொல்லிவிடலாம்.

ஏன் இப்படி என்றால் எல்லாம் இருப்பிடம். எம்/என் வித்தியாசம் செல் மேலுள்ள கிளைக்கோஃபோரின் ஏ என்ற புரதத்தின் வெளி முனையில் 1-ஆம், 5-ஆம் அமினோ அமிலங்களில் இருக்கு. ட்ரிப்ஸின் அந்த வாலை வெட்டும். டஃபி ஏ/பி வித்தியாசம் 42-ஆம் இடத்தில், செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில். பாப்பைன் கத்தி எட்டும் தூரம்தான். ஆனால் டஃபி-3 அதே புரதத்தின் வேறொரு வளையத்தில் சவ்வை ஒட்டிப் படுத்திருப்பதால் ஃபிசினுக்குத் தப்பிவிடும். "என்சைமில் நிற்கிறது, அதனால் டஃபி கிடையாது" என்று எழுதுபவர்கள் ஆன்டி-டஃபி-3-ஐ நழுவ விடுவது இந்த இடத்தில்தான்.

கண்ணாடிக்குழாய் | 4 ஜூன், இரவு 9:30
இடையில் ஒரு சந்தேகம். என்சைமால் கெல் ஆன்டிஜென்களும் அழியும்தானே? அப்போ செல் 7-ஐ வைத்து ஆன்டி-கே இல்லை என்று சொல்ல முடியாதே.

உப்புநீர் | 4 ஜூன், இரவு 9:44
அழியாது. ஃபிசின், பாப்பைன் இரண்டும் கெல்லைத் தொடாது. ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. கெல்லை அழிப்பது டிடிடி (டைதியோத்ரைட்டால் என்ற வேதிப்பொருள்). அதனால் இந்த ஃபிசின் பேனல் உண்மையில் உதவிதான் செய்கிறது. செல் 7-இல் டஃபி-ஏ துடைக்கப்பட்டுவிட்டது, கே அப்படியே நிற்கிறது, முடிவு நெகட்டிவ். ஆக ஆன்டி-கே கழிந்தது. ஒற்றை டோஸ் செல்லில் கே கழிக்கலாம் என்று உங்கள் ஆய்வக விதி இருந்தால்.

பழையபேனல் | 4 ஜூன், இரவு 10:10
"என்சைம் கெல்லைத் தொடாது" என்பதற்கு ஒரு வால் உண்டு. ட்ரிப்ஸினும் கைமோட்ரிப்ஸினும் தனித்தனியாகத் தொடாது. இரண்டையும் கலந்து போட்டால் கெல் போய்விடும். சுத்தமில்லாத ட்ரிப்ஸின் பவுடரில் கைமோட்ரிப்ஸின் ஒளிந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசிச்சுக்கோங்க.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இரவுப்பணி, அந்த ஃபிசின் பேனலை எந்தக் கட்டத்தில் படித்தீங்க?

இரவுப்பணி | 4 ஜூன், இரவு 11:35
37 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, சுழற்றி, நேரடியாகப் படித்தேன். ஏஎச்ஜி போடவில்லை. என்சைமுக்குப் பிறகு தேவையில்லை என்று நினைத்தேன்.

பழையபேனல் | 4 ஜூன், இரவு 11:39
அதான்.

உப்புநீர் | 5 ஜூன், காலை 7:02
என் மேலே உள்ள பதிவை வாபஸ் வாங்குகிறேன். ஏஎச்ஜி இல்லாமல் படித்த ஃபிசின் பேனலை வைத்து ஆன்டி-கே கழிக்க முடியாது, கிட் நிச்சயமாக முடியாது. நேரடி ஒட்டல் ஆர்எச்சுக்குப் போதும். கிட், கெல் இரண்டும் ஏஎச்ஜி கேட்கும். மறுபடி ஓட்டுங்க. ஐஜிஜி வகை ஆன்டிபாடி, காம்ப்ளிமென்ட் புரதம் இரண்டையும் பிடிக்கும் பாலிஸ்பெசிஃபிக் ஏஎச்ஜி வேண்டாம், ஆன்டி-ஐஜிஜி மட்டும். என்சைம் போட்ட செல்லில் குளிர் ஆன்டி-ஐ கொழுத்துவிடும், அது கட்டிவைக்கும் காம்ப்ளிமென்ட் பாலிஸ்பெசிஃபிக்கில் பொய் பாசிட்டிவாக வந்து நிற்கும்.

மூன்றுமுறைகழுவு | 5 ஜூன், பகல் 1:15
ஓட்டுவதற்கு முன் செல் தயாரிப்பையும் சரிபாருங்க. முழு நெகட்டிவ் வந்தபோது கன்ட்ரோல் பற்றி இழையில் யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

இரண்டு கட்ட முறை:
ஃபிசின் 1 கிராம், பிஎச் 7.3 பாஸ்ஃபேட் உப்புநீர் 100 மி.லி. சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து −20 டிகிரியில். உருகினதை மறுபடி உறைய வைக்காதீங்க, மிச்சத்தைக் கொட்டிவிடுங்க. பவுடரை நிறுக்கும்போது முகக்கவசம், கையுறை, கண்ணாடி. மூக்கில் ஏறினால் அது அங்கிருக்கும் புரதத்தையும் சாப்பிடும்.
செல்லை முதலில் உப்புநீரில் நன்றாகக் கழுவணும். பிளாஸ்மா மிச்சமிருந்தால் என்சைம் அந்தப் புரதத்தைத் தின்பதிலேயே தீர்ந்துவிடும்.
அழுத்திய செல் 1 பங்கு, ஃபிசின் 1 பங்கு. 37 டிகிரி, 15 நிமிடம். குழாய் நிறைய உப்புநீர் ஊற்றி மூன்று முறை கழுவல். 2 முதல் 5 சதவீதம் கலவையாக்கி அன்றைக்கே பயன்படுத்தணும்.

15 நிமிடம் என்பது வேதவாக்கு கிடையாது. ஒவ்வொரு லாட்டுக்கும் 5, 10, 15 நிமிடம் தனித்தனியாகப் போட்டு, நீர்த்த பலவீனமான ஆன்டி-டி-யோடும் (ஆர்எச்சின் டி ஆன்டிஜெனுக்கு எதிரானது) எந்த ஆன்டிபாடியும் இல்லாத பிளாஸ்மாவோடும் பாருங்க. ஆன்டி-டி நன்றாக ஏறி, வெறும் பிளாஸ்மா நெகட்டிவாகவே இருக்கும் நேரம்தான் அந்த லாட்டின் நேரம்.

தினசரி கன்ட்ரோல் மூன்று. டஃபி-ஏ+ செல்லை என்சைம் போட்டு ஆன்டி-டஃபி-ஏ-யோடு பார்த்தால் நெகட்டிவ் வரணும், பாசிட்டிவ் என்றால் வெட்டு போதவில்லை. டி+ செல் பலவீன ஆன்டி-டி-யோடு பாசிட்டிவ் வரணும். வெறும் பிளாஸ்மா நெகட்டிவ், அது ஒட்டினால் செல் அளவுக்கு மீறி வெந்துவிட்டது.

கண்ணாடிக்குழாய் | 5 ஜூன், பகல் 2:40
ஏறுவதற்குக் காரணம் சையாலிக் அமிலம் போய் எதிர்மின்னேற்றம் குறைவதுதானே? செல்கள் நெருங்கி வரும், ஐஜிஜி பாலம் போட்டுவிடும்.

பழையபேனல் | 5 ஜூன், மாலை 5:05
பாதிக் கதை. மின்னேற்றம் மட்டும் காரணம் என்றால் கே-யும் ஏறியிருக்கணும். கிளைக்கோஃபோரின் ஏ ஒரு செல்லில் ஏறக்குறைய பத்து லட்சம் இருக்கு. அந்தப் புதருக்கு அடியில் டி, சில பத்தாயிரம். புதரை வெட்டினால் ஆன்டிபாடி தரையைத் தொடுகிறது. ஆர்எச் புரதம் சவ்வுக்குள்ளேயே போயும் வந்தும் கிடப்பதால் கத்திக்கு அகப்படாது. கெல் உயரமாகத் தலைநீட்டி நிற்கும் புரதம், அதற்குப் புதர் ஒரு தடையே இல்லை.

வரலாறு பிடிக்கும் என்றால்: 1946-இல் மார்கரெட் பிக்கிள்ஸ் காலரா கிருமி வளர்த்த நீரை வடிகட்டிச் செல்லில் போட்டபோது, அதுவரை ஒட்டவைக்க மறுத்த ஆர்எச் ஆன்டிபாடி ஒட்டவைத்தது. அடுத்த வருஷம் மார்ட்டனும் அவரும் ட்ரிப்ஸினுக்குப் போனார்கள். பிக்கிள்ஸின் அந்த 1946-இல் கூம்ப்ஸ் முறை (நம் ஏஎச்ஜி சோதனை) வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

இரவுப்பணி | 6 ஜூன், நள்ளிரவு 1:28
மறுபடி ஓட்டினேன். கன்ட்ரோல் மூன்றும் சரி. ஃபிசின், ஆன்டி-ஐஜிஜி:
2, 4, 5, 7, 9 நெகட்டிவ். 3, 6, 10 மூன்றும் 1+. ஏஎச்ஜி வேலை செய்கிறதா என்று பார்க்கும் செக் செல் எல்லா நெகட்டிவிலும் ஒட்டியது.
3, 6, 10 சாதா பேனலில் சுத்த நெகட்டிவாக இருந்தவை!

உப்புநீர் | 6 ஜூன், காலை 6:30
கிட் வரிசையைப் பாருங்க. மூன்றும் கிட் ஏ+பி− தானா?

இரவுப்பணி | 6 ஜூன், இரவு 9:12
ஆமாம். பேனலில் கிட்-ஏ இரட்டை இந்த மூன்றும்தான். ஒற்றை உள்ளவை எல்லாம் ஃபிசினிலும் நெகட்டிவ். நோயாளி செல்: டஃபி-ஏ நெகட்டிவ், கிட்-ஏ நெகட்டிவ். மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றவில்லை.

பழையபேனல் | 6 ஜூன், இரவு 9:50
ஆன்டி-டஃபி-ஏ-யோடு பலவீனமான ஆன்டி-கிட்-ஏ. சாதா பேனலில் செல் 3-ஐ வைத்து "கிட்-ஏ கழிந்தது" என்று கோடு போட்டிருப்பீங்க, விதிப்படி அது சரியும்கூட. கிட் ஆன்டிபாடி அப்படித்தான் நழுவும், பிறகு ஏற்றி ஒரு வாரம் கழித்து ஹீமோகுளோபின் இறங்கும்போது தலைகாட்டும். "என்சைமில் மட்டும் வருகிறது" என்றால் ஆன்டி-இ விஷயத்தில் வாதாடலாம். கிட்டில் வாதாடாதீங்க. இரண்டும் நெகட்டிவான யூனிட் கொடுங்க.

கணக்கு: ஐரோப்பிய வம்சாவளி தானம் என்றால் டஃபி-ஏ நெகட்டிவ் நூற்றுக்கு 34, கிட்-ஏ நெகட்டிவ் நூற்றுக்கு 23. பெருக்கினால் 100 யூனிட்டில் எட்டு. கிழக்கு ஆசிய வம்சாவளியில் டஃபி-ஏ நெகட்டிவே நூற்றுக்கு ஒன்று என்பதால் தேடல் வேறு மாதிரி ஆகும்.

கிராஸ்மேட்சை (தானச் செல்லும் நோயாளி பிளாஸ்மாவும் பொருந்துகிறதா என்ற சோதனை) என்சைம் போடாத செல்லில், ஏஎச்ஜி வரை. இதைச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும்.

மூன்றுமுறைகழுவு | 8 ஜூன், காலை 10:20
கே இன்னும் பாக்கி என்று யாராவது கேட்பதற்குள்: செல் 7 இந்த முறை ஏஎச்ஜி வரை நெகட்டிவ். கழிந்தது.

புதியகை | 11 ஜூன், மாலை 4:45
இழையைக் கடத்துவதற்கு மன்னிக்கவும். டாராடுமுமாப் (மைலோமாவுக்கான மோனோக்ளோனல் ஆன்டிபாடி மருந்து) எடுக்கும் நோயாளி, எல்லா செல்லும் ஏஎச்ஜியில் 1+. டிடிடி போடச் சொல்கிறார்கள். அளவு தெரிந்தவர்கள்? பிஎச் 7.3 உப்புநீர்தான் கையில் இருக்கு, அது போதுமா?

மூன்றுமுறைகழுவு | 11 ஜூன், இரவு 8:30
போதாது. டைதியோத்ரைட்டால் வேலை செய்வது அதன் தயோல் (கந்தக முனை) புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெற்ற நிலையில். அதன் பிகேஏ (பாதித் தயோல் புரோட்டானை இழக்கும் பிஎச்) 9.2 பக்கம். 7.3-இல் மிகச் சின்னப் பங்குதான் விழித்திருக்கும். பிஎச் 8.0 வேண்டும்.

1 கிராம் டிடிடி, பிஎச் 8.0 பாஸ்ஃபேட் உப்புநீர் 32 மி.லி. மூலக்கூறு எடை 154, ஆக 0.2 மோலார். சின்னக் குப்பிகளில் −18 அல்லது அதற்கும் கீழே. காற்றுபட்டால் ஆக்ஸிஜனேற்றமாகி வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அழுகின முட்டை நாற்றம் வந்தால் சரக்கு உயிரோடு இருக்கிறது என்று சொல்வது நகைச்சுவை, அதைக் கன்ட்ரோலாக எடுத்துக்காதீங்க.

கழுவி அழுத்திய செல் 1 பங்கு, டிடிடி 4 பங்கு. 37 டிகிரி, 30 முதல் 45 நிமிடம், நடுநடுவே கவிழ்த்துக் கலக்கணும். பிறகு பிஎச் 7.3 உப்புநீரில் நாலு முறை கழுவல். இங்கேதான் உங்கள் 7.3-க்கு வேலை. லேசாகச் சிவப்பது வழக்கம். ரொம்பச் சிவந்தால் டிடிடி-யை 2 பங்காகக் குறைத்துப் புதிதாகச் செய்யுங்க.

கன்ட்ரோல்: கே+ செல் ஒன்றைக் கூடவே போட்டு ஆன்டி-கே-யோடு பார்த்தால் நெகட்டிவ் வரணும். இ+ செல்லில் ஆன்டி-இ பழையபடி பாசிட்டிவ் வரணும். இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். செல் முழுக்கக் கெட்டுப்போயிருந்தாலும் எல்லாம் நெகட்டிவ்தான் வரும் என்பதை மறந்துவிடாதீங்க.

உப்புநீர் | 12 ஜூன், காலை 7:20
டாராடுமுமாப் தேடுவது சிவப்பணுவிலும் இருக்கும் சிடி38 புரதத்தை, அதில் ஆறு டைசல்ஃபைட் பாலம். டிடிடி பாலங்களை உடைத்தால் புரதம் உருக்குலையும், மருந்து பிடிக்க இடம் இல்லை. அதே காரணத்தால் பாலத்தில் நிற்கும் ரத்தவகை எல்லாம் கூடவே சாயும்: கெல், லூத்தரன், ஒய்டி-ஏ, டோம்பிராக், எல்டபிள்யூ, இந்தியன், ஜேஎம்எச், நாப்ஸ், குரோமர். ஆர்எச், கிட், டஃபி, எம்என்எஸ், டியேகோ நிற்கும். ஃபிசின் கூட்டணியும் டிடிடி கூட்டணியும் ஏறக்குறைய எதிரெதிர்க் கட்சி, ஜேஎம்எச், இந்தியன் போன்ற சில மட்டும் இரண்டு பக்கமும் அடிவாங்கும்.

கெல்லை இனி கழிக்க வழியில்லாததால் கே நெகட்டிவ் யூனிட் கொடுப்பதுதான் வழக்கம். லூத்தரன், டோம்பிராக் ஆன்டிபாடி ஒளிந்திருக்கலாம், அந்த அபாயம் குறைவு, ஆனால் பூஜ்யம் கிடையாது. கெல் வேண்டும் என்றால் ட்ரிப்ஸின் போட்டுப் பாருங்க, சிடி38 போகும், கெல் நிற்கும், ஆனால் டிடிடி அளவுக்குச் சுத்தமாகத் துடைக்காது. தொப்புள்கொடி செல்லில் சிடி38 குறைவு, அதுவும் ஒரு வழி.

மருந்து தொடங்கும் முன்பே முழு ஃபீனோடைப் (நோயாளி செல்லின் ஆன்டிஜென் பட்டியல்) எடுத்து வைத்திருந்தால் பாதி தலைவலி இல்லை. கடைசி டோஸுக்குப் பிறகு ஆறு மாதம் வரை இந்தத் தொல்லை தொடரலாம்.

புதியகை | 12 ஜூன், பகல் 12:05
இதே டிடிடி எல்லா மோனோக்ளோனல் மருந்துக்கும் உதவுமா?

பழையபேனல் | 12 ஜூன், மாலை 6:18
இல்லை. மாக்ரோலிமாப் என்ற ஐஜிஜி4 (ஐஜிஜி-யின் துணைவகை) மருந்து சிடி47 புரதத்தைப் பிடிப்பது, அதற்கு டிடிடி கைகொடுக்காது. அங்கே ஐஜிஜி4-ஐப் பார்க்காத மோனோக்ளோனல் ஆன்டி-ஐஜிஜி தேடணும். செல்லை மாற்றுவதற்குப் பதில் ரீயேஜென்டை மாற்றுவது.

அதோடு 0.2 மோலாரையும் 0.01 மோலாரையும் குழப்பாதீங்க. 0.01 பிளாஸ்மாவில் போடுவது, சம பங்கு, 37 டிகிரி, ஐஜிஎம்-ஐ உடைத்து ஐஜிஜி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க. கூடவே உப்புநீர் கலந்த குழாய் ஒன்று வையுங்க, இல்லாவிட்டால் டைட்டர் (எவ்வளவு நீர்த்தும் ஒட்டுகிறது என்ற அளவு) இறங்கியது டிடிடி-யாலா, நீர்த்துப்போனதாலா என்று தெரியாது.

கண்ணாடிக்குழாய் | 13 ஜூன், இரவு 10:50
டிஏடி (உடலிலேயே செல்லில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்ற சோதனை) பாசிட்டிவ் நோயாளிக்கு கெல் டைப்பிங் வேண்டும். ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்ற எது? ஈடிடிஏ-கிளைசின் அமிலமா, குளோரோகுவினா?

மூன்றுமுறைகழுவு | 13 ஜூன், இரவு 11:15
கெல் வேண்டும் என்றால் குளோரோகுவின். அமில முறை ஒரு நிமிடத்தில் ஐஜிஜி-யைக் கழற்றும், கூடவே கெல்லையும் கொண்டுபோகும். குளோரோகுவின் டைபாஸ்ஃபேட் 20 சதவீதம், பிஎச் 5.1, செல் 1 பங்குக்கு 4 பங்கு, அறை வெப்பத்தில் 30 நிமிடம், டிஏடி பாருங்க, போகவில்லை என்றால் தொடருங்க. இரண்டு மணி நேரம் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு 37-இல் வைத்தால் ஆர்எச் பலவீனமாகும். காம்ப்ளிமென்ட் மட்டும் ஒட்டியிருந்தால் இது உதவாது. குளோரோகுவின் பிஜி ஆன்டிஜென்களையும் துடைக்கும், அவை செல்லில் ஒட்டிய எச்எல்ஏ (வெள்ளணு ஆன்டிஜென்) மிச்சம்தான். அது தனி உபயோகம்.

ஆட்டோ அட்சார்ப்ஷனுக்கு (ஆட்டோ ஆன்டிபாடியை நோயாளியின் சொந்தச் செல்லால் உறிஞ்சி எடுப்பது) போடும் இசட்இசட்ஏபி என்பது இந்த இழையின் இரண்டு கதாநாயகர்களும் ஒரே குழாயில்: 0.2 மோலார் டிடிடி 2.5 மி.லி., 1 சதவீத பாப்பைன் 0.5 மி.லி., உப்புநீர் 2 மி.லி. பாப்பைனின் வெட்டுமுனை ஒரு தயோல், சிஸ்டீன் போட்டு அதை உசுப்புகிறோம், இங்கே டிடிடி அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியவருக்கு ஆட்டோ அட்சார்ப்ஷன் செய்யாதீங்க, ஏற்றிய செல், தனக்கு எதிராக அவர் உண்டாக்கிய ஆன்டிபாடியையும் உறிஞ்சிவிடும்.

இரவுப்பணி | 15 ஜூன், நள்ளிரவு 12:40
இத்தனை துடைக்க முடிகிறது என்றால் ஏ, பி-யையே துடைத்து எல்லா யூனிட்டையும் ஓ ஆக்கிவிடலாமே?

பழையபேனல் | 15 ஜூன், காலை 8:05
முயன்றுகொண்டே இருக்கிறார்கள். ஏ, பி சர்க்கரை என்பதால் புரதம் வெட்டும் ஃபிசின் போன்றவை அதைத் தொடாது, கிளைக்கோசிடேஸ் வேண்டும். 1982-இல் கோல்ட்ஸ்டீன் குழு பச்சைக் காப்பிக்கொட்டையின் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸால் பி-யை ஓ ஆக்கி மனிதருக்கே ஏற்றினார்கள். என்சைம் நிறைய வேண்டியிருந்தது. ஏ1 (ஏ-யின் வலுவான துணைவகை) அதைவிட அடம்பிடித்தது. 2007-இல் பாக்டீரியா என்சைம்கள், 2019-இல் குடல்வாழ் கிருமி ஃபிளாவோனிஃப்ராக்டர் பிளாட்டியையின் என்சைம் ஜோடி. 2024-இல் டென்மார்க்-லுண்ட் (ஸ்வீடன்) குழு அக்கர்மேன்சியா என்ற குடல் கிருமியின் என்சைம்களோடு வந்து, ஏ-யின் நீண்ட வடிவங்களையும் வெட்டினால்தான் கிராஸ்மேட்ச் மேம்படுகிறது என்று காட்டினார்கள்.

2019-இன் ஜோடியில் முதல் என்சைம் ஒரு டிஅசிட்டிலேஸ். ஏ-யின் சர்க்கரையில் அசிட்டில் தொப்பியைக் கழற்றும், இரண்டாவது என்சைம் மிச்சத்தை வெட்டும். தொப்பி கழன்று நிற்கும் அந்த இடைநிலை நமக்குப் பழைய எதிரி: அக்வயர்டு பி. குடல் நோயில் கிருமி அதே வேலையைச் செய்து, ஏ நோயாளியை ஏபி மாதிரி காட்டும். ஆன்டி-பி-யை பிஎச் 6.0-க்கு அமிலப்படுத்தினால் அந்தப் போலி பி ஒட்டாது. அசிட்டிக் அன்ஹைட்ரைடு போட்டுத் தொப்பியைத் திருப்பி மாட்டினாலும் மறையும்.

கண்ணாடிக்குழாய் | 15 ஜூன், காலை 8:30
உப்புநீர் ஆரம்பித்த கொள்ளு உதாரணம் எதேச்சையா, திட்டமா? ஏ1 பார்க்கும் லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் தாவரப் புரதம்) தரும் டோலிகோஸ் பைஃப்ளோரஸ் கொள்ளுதானே.

உப்புநீர் | 15 ஜூன், காலை 8:52
எதேச்சை. ஆனால் பெருமை எடுத்துக்கொள்கிறேன். நிலக்கடலை லெக்டினையும் சேர்த்துக்கோங்க. கிருமியின் நியூராமினிடேஸ் என்சைம் சையாலிக் அமிலத்தைக் கழற்றினால் அடியில் ஒளிந்திருக்கும் டி (T, ஆர்எச்சின் D அல்ல) ஆன்டிஜென் வெளிவரும், கடலை அதைப் பிடிக்கும், பெரியவர்களின் பிளாஸ்மா எல்லாம் அந்தச் செல்லை ஒட்டவைக்கும்.

மூன்றுமுறைகழுவு | 19 ஜூன், மாலை 6:40
இரவுப்பணிக்கு ஒரு வேண்டுகோள். என்சைம் பேனல் தாளின் தலைப்பில் "ஃபிசின், 37, ஆன்டி-ஐஜிஜி" என்று மூன்றையும் எழுதுங்க. வெறுமனே "என்சைம்" என்று எழுதினதால்தான் ஒரு நாள் போனது.

இரவுப்பணி | 20 ஜூன், நள்ளிரவு 12:15
எழுதியாச்சு. லாட் நேரமும் சேர்த்தாச்சு: இந்த லாட்டுக்கு 15 அல்ல, 10 நிமிடம்.